ஊராட்சி குறித்த களஆய்வு (தமிழ்நாடு)

ஓர் ஊரில் மாதக்கணக்கில் தங்கி, அங்கே முடிவெடுப்பவர் யார், யார் சொல் எடுபடுகிறது என்பதை நேரில் கண்டும் கேட்டும் பதிவுசெய்யும் இனவரைவியல் ஆய்வுமுறை. சட்டப் புத்தகத்தில் உள்ள ஊராட்சியும் தெருவில் நடக்கும் ஊராட்சியும் எங்கே பிரிகின்றன என்பதை இதுவே காட்டித் தருகிறது.

இதற்குக் களம் அமைத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1916இல் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்துச் சொந்த ஊர்களுக்கு அனுப்பினார். முடிவுகள் 1918இல் நூலாயின. நிலம், கூலி, கடன் பற்றி அதில் நிறைய உண்டு; அதிகாரம் பற்றிக் குறைவு. ஆனால் இருவேல்பட்டு போன்ற அதே ஊர்களுக்கு 2008 வரை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சென்றதால், ஏறத்தாழ நூறாண்டு மாற்றம் பதிவாகியுள்ளது.

தங்கிச் செய்யும் ஆய்வு விடுதலைக்குப் பிறகே வேரூன்றியது. கேத்லீன் கஃப் 1951 முதல் தஞ்சை ஊர்களில் ஆராய்ந்தார். 1961-62இல் அதே மாவட்டத்தில், 'ஸ்ரீபுரம்' என்று தாம் பெயர் மாற்றி எழுதிய ஊரில் ஆந்த்ரே பெத்தேய் தங்கினார். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய பஞ்சாயத்துகள் வந்திருந்த காலம் அது. நிலம் இன்னும் பெரிதும் பிராமண மிராசுதாரர்களிடம் இருக்க, ஊர் அதிகாரம் பிராமணரல்லாதார் கைக்குப் போய்க்கொண்டிருந்ததை அவர் கண்டார். 1965இல் வெளியான அவரது நூல் இத்துறையின் அடித்தளம். அதன் வரம்பையும் அவரே எழுதினார்: அக்கிரகாரத்தில் குடியிருந்ததால் சேரிக்குள் இயல்பாகச் சென்றுவர முடியவில்லை. ஆய்வாளர் எந்தத் தெருவில் தங்குகிறார் என்பது அவர் காணும் ஊரையே மாற்றிவிடுகிறது. இத்துறையின் எந்த நூலைப் படிப்பவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

1996 ஊராட்சித் தேர்தலுக்குப் பின், ஊரில் யார் சொல் எடுபடும் என்பது உயிர்ப் பிரச்சினையானது. தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மதுரை மாவட்ட ஊர்களில் 2006 வரை முறையான தலைவர் அமைய ஆதிக்கச் சாதியினர் விடவில்லை. வென்றவர் உடனே பதவி விலகியதும் உண்டு. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் உடன் சென்றவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். ஹியூகோ காரிஞ்ச் போன்றோர் இக்காலத் தலித் அரசியலைச் சேரிகளின் பக்கமிருந்து ஆராய்ந்தனர்.

பரோமிதா சன்யாலும் விஜயேந்திர ராவும் 2018இல் வெளியிட்ட நூல், நான்கு தென்மாநிலங்களின் ஏறத்தாழ 300 கிராம சபைக் கூட்டங்களின் பேச்சுப் பதிவுகளை ஆராய்கிறது. குடிநீர், சாலை, தொகுப்பு வீடு பற்றி மக்கள் அதிகாரிகளை எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்பதை இவ்வளவு விரிவாகக் காட்டிய வேலை முன்பு இல்லை. கூட்டத்துக்கு வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதை அறிய, ஊரில் தங்கும் பழைய முறையே இன்றும் தேவைப்படுகிறது.