நான்கே பிரிவுகள் கொண்ட சட்டம்

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு. நள்ளிரவில் நாடு பூட்டப்பட்டது. மறுநாளிலிருந்து தெருவுக்கு வந்தவர்களைப் போலீஸ் லத்தியால் அடிப்பதும், தோப்புக்கரணம் போட வைப்பதும் வீடியோக்களாகச் சுற்றின. சிரித்துக்கொண்டே பகிர்ந்தவர்களில் நம் தோழர்களும் உண்டு.

அந்த லத்திக்குப் பின்னால் 1897ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருந்தது. பம்பாயில் பிளேக் பரவிய மறு ஆண்டு, பிப்ரவரியில் கொண்டுவந்த கொள்ளைநோய்ச் சட்டம். மொத்தமே நான்கு பிரிவுகள். உத்தரவை மீறினால் இந்திய தண்டனைச் சட்டம் 188இன் கீழ் தண்டனை என்றது மூன்றாவது. நல்லெண்ணத்தில் செய்ததற்காக அதிகாரிகள் மீது வழக்குப் போட முடியாது என்றது நான்காவது. நோயாளிக்கு என்ன உரிமை? ஒரு வரி கிடையாது.

அந்த ஆண்டு புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டதையும், ஜூன் 22 அன்று அதிகாரி ராண்ட் சுடப்பட்டதையும் நாம் பள்ளியில் படித்தோம். அதே புனேயில் மார்ச் 10 அன்று, பிளேக் நோயாளிகளைப் பராமரித்த சாவித்ரிபாய் பூலே அதே நோயில் இறந்ததை யாரும் சொல்லித் தரவில்லை. மகார் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுவனைத் தூக்கிவந்தபோது அவருக்குத் தொற்றியது என்பார்கள்.

2020இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சுகாதாரப் பணியாளர்களைத் தாக்கினால் கடும் தண்டனை, அது தேவைதான். நான்காவது பிரிவை மட்டும் தொடவில்லை.

ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் பிடித்தது போலீஸ். வழக்கில் 188 இருந்தது, அரசு ஊழியரைத் தடுத்ததாக 353உம் இருந்தது. 22 இரவு மகனும் 23 காலை தந்தையும் இறந்தார்கள். காவல் நிலையக் கேமராப் பதிவு தினமும் தானாக அழிந்துவிடும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். அவர்கள் வணிகர்கள், கடைகள் அடைக்கப்பட்டன, மாநிலமே கேட்டது. கேட்கத்தான் வேண்டும். சேரியில் விழுந்த அடிக்கு எந்தக் கடையும் அடைக்கப்படவில்லை.

அந்த ஏப்ரலில் நாங்கள் அரிசி கொண்டுபோன காலனியில், அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போன இளைஞர் ஒருவர் கால் வீங்கிக் கிடந்தார். புகார் எழுதலாம் என்றோம். "இருக்கிற கேஸே போதும்ணே" என்றார்.

2021 பிப்ரவரியில் ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சத்தைத் திரும்பப் பெறுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. போலீசைப் பணி செய்யவிடாமல் தடுத்த வழக்குகள் அதில் சேராது. அவர் மீது போட்டதும் 353தான். இன்னமும் வாய்தாவுக்குப் போய் வருகிறார்.