இரத்தினபுரி எலும்புகளின் வயதைக் கண்டறிய யார் செலவிடுவது?

நீர்யானையும் காண்டாமிருகமும் இலங்கையில் ஒருகாலத்தில் வாழ்ந்தன என்பதற்கான சான்றுகளில் பெரும்பகுதி இரத்தினபுரி மாணிக்கக் குழிகளிலிருந்து வந்தது. மண்ணுக்கடியிலுள்ள ‘இல்லம்’ எனும் சரளைப் படையைக் கூடைகூடையாக மேலே ஏற்றிக் கழுவும்போது நீலக்கல்லோடு பற்களும் எலும்புத் துண்டுகளும் அகப்படும். கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. இ. பி. தெரணியகல அவற்றைத் தேடிச் சேகரித்து, விவரித்து, பெயரிட்டார். குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு அழிந்துபோன இலங்கைச் சிங்கத்துக்கு அவர் பெயர் சூட்டியது 1939இல்.

அந்தச் சிங்கம் எப்போது வாழ்ந்தது? இன்றும் இதற்கு உத்தேசமாகவே பதில் சொல்ல முடிகிறது.

இதே வட்டாரத்துப் புலியின் கதை வேறு. குருவிட்டவுக்கு அருகில் வரலாற்றுக்கு முந்திய மனிதர் விட்டுச்சென்ற கழிவுப் படையில் 1982இல் கிடைத்த புலியின் விரல் எலும்புக்கு, காபன்-14 கணக்கில் ஏறத்தாழ 16,500 ஆண்டு என மதிப்பிட்டிருக்கிறார்கள். மனிதன் வாழ்ந்த இடத்தில் முறையாக அகழ்ந்தார்கள்; படைகளைப் பிரித்துப் பதிந்தார்கள்; ஆய்வுகூடச் செலவுக்கும் வழி இருந்தது. வரலாற்றுக்கு முந்திய மனிதர் வாழ்ந்த பாஹியன் குகையிலும் அப்படித்தான். மழைக்காட்டு மனிதர் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே குரங்கையும் அணிலையும் வேட்டையாடினர் என்று தொல்லியல் ஆய்வாளர் ஓஷன் வெடகே குழுவினர் 2019இல் காட்டியது, வெளிநாட்டு ஆய்வு நிறுவனங்களோடு கைகோத்துத்தான். அது பெருமைக்குரிய பணி. ஆனால் மனிதத் தோற்றம் பற்றிய கேள்விக்குக் கிடைக்கும் பணம் குகைகளுக்கே போகிறது. மனிதச் சுவடு இல்லாத நீர்யானைப் பல்லுக்கு அந்த வரிசையில் இடமில்லை. அதற்கு உள்நாட்டு நிதிதான் வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காபன் முறைக்கு வேண்டிய கொலாஜன் புரதம் அந்த ஈர வெப்பத்தில் எளிதில் சிதைந்துவிடும். தவிர, அம்முறை சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் செல்லாது. கிடைக்காத விடைக்கு ஏன் பணம் கொட்டவேண்டும்?

நிதியைப் படிப்படியாக வழங்கினால் இந்த மறுப்பு நிற்காது. முதலில், கொலாஜன் மிஞ்சியிருக்கிறதா என்று அறிய, எலும்புத் தூளில் எஞ்சியுள்ள நைதரசனை அளக்கலாம். அது மலிவான சோதனை. தேறிய மாதிரிகளுக்கு மட்டும் காபன் அளவீடு போதும். அதற்கு மாதிரியொன்றுக்குச் சில நூறு அமெரிக்க டொலர் ஆகும். தேறாதவற்றில் பல் மிளிரி இருந்தால் யுரேனியத் தொடர் முறையும் இலத்திரன் சுழற்சிப் பரிவு முறையும் கைகொடுக்கும். சூழ்ந்துள்ள மணலை வெளிச்சம் படாத குழாயில் எடுத்தால், அது கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை ஒளிர்வு முறை சொல்லும். இல்லம் என்பது ஆறு அடித்துவந்து குவித்த படிவு. வெவ்வேறு காலத்து எலும்புகள் அதில் ஒன்றாகக் கிடக்கலாம். ஆகவே படையின் வயதையே எலும்பின் வயதாகக் கொள்ள முடியாது. இரண்டையும் தனித்தனியே அளக்கவேண்டும், இரண்டுக்கும் பணம் ஒதுக்கவேண்டும்.

ஆய்வுகூடக் கட்டணத்தைவிடக் குழியருகே செய்யவேண்டிய வேலையே அவசரமானது. அகழ்வு முடிந்த குழியை மூடிவிடவேண்டும் என்பது அனுமதிப்பத்திர நிபந்தனை. மூடியபின் எலும்பு எந்த ஆழத்தில், எந்த மண்ணில் கிடந்தது என்பதை எவராலும் மீட்க முடியாது. எலும்பு உடையாதிருக்க நல்லெண்ணத்தோடு பூசும் பசையும் மெருகெண்ணெயும் காபன் அளவீட்டைக் கெடுத்துவிடும். கண்டெடுத்த தொழிலாளிக்கு அதனால் ஒரு சதமும் கிடைக்காவிட்டால் எலும்பு கழிவோடு போகும். அவரைக் குறைசொல்ல முடியாது.

தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை அனுமதிப்பத்திரக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்கவேண்டும். கண்டெடுப்பவருக்குச் சன்மானம், உடனே குழிக்கு வரக்கூடிய பயிற்சி பெற்ற ஒருவர், நைதரசன் சோதனைக்கான செலவு ஆகிய மூன்றையும் முதலாண்டிலேயே தொடங்கலாம். நூதனசாலையில் உள்ள பழைய பற்களை அளக்கப் பின்னரும் நேரமிருக்கிறது. இந்தப் பருவத்தில் தோண்டப்படும் குழிகளுக்கு இல்லை.