வெந்நீர்க் கலனும் அதன் காவலும்

திருகோணமலை நகருக்கு அண்மையிலுள்ள கன்னியாவிலே ஏழு வெந்நீர்க் கிணறுகள் ஒன்றையொன்று அடுத்துக் காணப்படுகின்றன. இராவணன் தன் தாயின் ஈமக்கடனைக் கழித்தற்பொருட்டு அவை தோன்றின என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் ஐதிகம். அந்தியேட்டிக் கிரியைகளின்பொருட்டு அங்கு செல்லும் வழக்கமும் அவ்வைதிகத்தைத் தழுவியதே. நிலத்தின் உள்வெப்பத்தால் சூடேறி ஊறும் அந்நீருக்கு விறகும் வேண்டியதில்லை, கலனும் வேண்டியதில்லை. அடுப்பருகே காவலிருப்பாரும் வேண்டியதில்லை. மனிதன் தன் இல்லத்திலே வெந்நீரைத் தானே ஆக்கிக்கொள்ளப் புகுந்தபொழுதோ, எரிபொருளோடு காவலும் இன்றியமையாததாயிற்று. நீர் போதிய சூட்டை அடைந்ததா, அளவு கடந்ததா, நெருப்பு அணைக்கப்பட்டதா என நோக்குவார் ஒருவர் எக்காலத்தும் வேண்டப்பட்டார். அக்காவல் ஆளிடமிருந்து பொறிக்கும், பொறியிடமிருந்து இன்று தொலைவிலுள்ள கணினிக்கும் கைமாறிய வரலாறே வீட்டு வெந்நீர்க் கலனின் வரலாறாகும். ‘ஸ்மார்ட்’ என்னும் அடைமொழியோடு இன்று விற்கப்படும் மின் வெந்நீர்க் கலனைத் தெரிவுசெய்வோர்க்கு இவ்வரலாறு பயன்படுமாற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை உரோமரின் நீராடு மண்டபங்கள் வெந்நீர் வழங்கலிலே சிறந்த ஒழுங்கு உடையனவாய் விளங்கின. உலைக்கு மேலே குளிர்நீருக்கும், இளஞ்சூட்டு நீருக்கும், வெந்நீருக்கும் என மூன்று வெண்கலக் கலன்களை அமைக்கும் முறையைக் கட்டடக்கலை நூலாசிரியரான வித்துருவியசு விளக்கியுள்ளார். வெந்நீர்க் கலனிலிருந்து வெளியேறிய அளவு நீர் இளஞ்சூட்டுக் கலனிலிருந்து வந்து சேரும். அதன் குறையைக் குளிர்நீர்க் கலன் நிரப்பும். பின்னாளைய சேமக்கலன்களின் அடிப்படையை இவ்வமைப்பிலே காணலாம். எனினும் உலையைக் காத்தவர் பெரும்பாலும் அடிமைகளே. ஈழத்திலும் அரன்கெலே முதலிய பழைய பௌத்த வனவிகாரைகளின் அழிபாடுகளிடையே, பிக்குகளின் உடல்நலங் கருதி அமைக்கப்பட்ட ‘ஜந்தாகரம்’ எனப்படும் வெந்நீராடு மனைகளைக் காணலாம். அங்கும் நெருப்பின் காவல் மனிதர் கையிலேயே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையும் இலண்டன் மாநகரின் செல்வர் மனைகளிற்கூட, சமையற்கட்டிற் காய்ச்சிய நீரைப் பணிமக்கள் படியேறிச் சுமந்து சென்றே குளியல் தொட்டியை நிரப்பினர். 1868 ஆம் ஆண்டிலே பெஞ்சமின் வாடி மோன் என்பவர் வாயுச் சுவாலையால் நீரை உடனுக்குடன் சூடாக்கும் கருவியொன்றை அங்கு இயற்றினார். ஐசுலாந்து நாட்டிலே பீறிட்டெழும் ‘கெய்சிர்’ என்னும் வெந்நீரூற்றின் பெயரை ஒட்டி அதற்குக் ‘கீசர்’ எனப் பெயரிடப்பட்டது. நம் நாட்டு வழக்கிலும் இந்தியாவிலும் நின்று நிலைத்த அச்சொல், இயற்கை ஊற்றொன்றின் பெயரேயாதல் அறியத்தக்கது. ஆயின், அக்கருவியிலே எரிந்த வாயு வெளியேறுதற்குப் புகைபோக்கி அமைக்கப்படவில்லை. சாளரம் அடைத்த குளியலறையிலே, நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டுத் தங்குதல் எத்துணைக் கொடியது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. சுமந்து சென்ற பணியாளின் உழைப்பு நீங்கியது. அவரோடு நீங்கிய காவலுக்கு ஈடாக யாதும் வைக்கப்படவில்லை.

அக்குறையை நிறைவித்தது தானியங்கி முறையாகும். வெப்பத்தால் வெவ்வேறளவில் விரியும் ஈருலோகத் தகட்டின் வளைவைக் கொண்டு சூட்டை ஒரு நிலையில் நிறுத்தும் கருவிக்கு, இசுக்கொத்துலாந்து இரசாயன அறிஞராகிய அந்திரூ யூர் 1830 இல் உரிமைப்பத்திரம் பெற்றிருந்தார். நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவின் பிற்சுபேக்கு நகரிற் பணிபுரிந்த எட்வின் ரூட் 1889 இல் தானியங்கிச் சேமக்கலனை உருவாக்கினார். நெருப்பை மூட்டவும் அணைக்கவும் ஆள் வேண்டாத நிலை இவ்வாறு தோன்றியது. சில ஆண்டுகளின் பின் பால்டிமோர் நகரத்துக் கிளாரன்சு கெம்பு 1891 இல் ஞாயிற்று வெப்பத்தால் இயங்கும் கலனுக்கு உரிமைப்பத்திரம் பெற்றமையும் ஈண்டு நினையத்தக்கது.

மின்சாரம் நீரைச் சூடாக்கும் முறை இவற்றுக்குப் பிற்பட்டது. கம்பியிலே பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகும் என்பதை ஆங்கில அறிஞர் யூல் 1841 அளவில் நிறுவினார். ஆயினும், செஞ்சூட்டிலும் எளிதிற் கருகாத கம்பி கிடைத்தல் அரிதாயிருந்தது. அல்பேட்டு மார்சு என்பார் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து ஆக்கிய உலோகத்துக்கு 1906 இல் உரிமைப்பத்திரம் பெற்றபின்னரே மின்வெப்பம் இல்லங்களிற் புகுந்தது. புகையும் சுவாலையும் அற்ற அம்முறை பழைய தீங்குகளை அகற்றியதாயினும், புதிய தீங்குகளையும் உடன்கொணர்ந்தது. மூடிய கலனிலே சூடேறும் நீர் விரிந்து அமுக்கத்தை உயர்த்தும். வெப்பநிலைநிறுத்தி பழுதுற்றால் கலன் வெடித்தலுங் கூடும். ஆதலின் அமுக்கமும் வெப்பமும் மிக்கவிடத்துத் தானே திறக்கும் காப்பு வால்வு வேண்டப்பட்டது. நீரும் மின்னும் அடுத்தடுத்து இருத்தலால் நேரும் அதிர்ச்சிக்கு மாற்றாக, ஒழுகும் மின்னை உணர்ந்து நொடியிற் சுற்றை அறுக்கும் நுட்பமான சாதனத்தைக் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாள்சு டால்சீல் 1961 இல் ஆக்கினார். உருக்குக் கலன் துருப்பிடியாவண்ணம் உட்புறத்திற் கண்ணாடிப் பூச்சிடும் முறை 1936 இல் அமெரிக்காவிலே உரிமைப்பத்திரம் பெற்றது. அப்பூச்சின் நுண்ணிய வெடிப்புகளைக் காத்தற்கு மகனீசியக் கோலொன்று கலனுள்ளே தான் கரைந்து உருக்கைப் பேணுகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி மற்றுமோர் உண்மையைக் கற்பித்தது. 1976 ஆம் ஆண்டு யூலை மாதம் பிலதெல்பியா நகர விடுதியொன்றிற் கூடிய முன்னாட் படைவீரர் பலர் இனமறியாத நுரையீரல் நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ முப்பதின்மர் மாண்டனர். அந்நோயின் காரணமாகிய பற்றீரியா அடுத்த ஆண்டின் தொடக்கத்திலே கண்டறியப்பட்டது. அவ்விடுதியிற் குளிரூட்டும் அமைப்பே ஐயுறப்பட்டதாயினும், வெதுவெதுப்பான நீர் தங்கும் கலன்களும் அப்பற்றீரியாவின் உறைவிடமாதல் பின்னர்த் தெளிவாயிற்று. ஆதலின் சேமக்கலனிலே நீரை 60 பாகைச் சூட்டில் வைத்தல் நன்று என்பது மருத்துவர் கொள்கை. ஆனால் 60 பாகை நீர் ஏறத்தாழ 5 செக்கனில் உடலைக் கடுமையாகப் பொசுக்கவல்லது. குழந்தைகளும் முதியோரும் அதற்கு எளிதில் இரையாவர். கலனுள் உயர்ந்த சூடு, குழாய்வாயிலிலே தண்ணீர் கலந்து தணித்த சூடு என்னும் இரண்டையும் பொருத்துவது கலவை வால்வாகும். சிக்கனங் கருதிக் கலனின் சூட்டை நெடுநாள் தாழ்த்தி வைத்தல் எவ்வாறு தீங்காய் முடியும் என்பது இதனாற் பெறப்படும்.

‘ஸ்மார்ட்’ கலனின் வேர் அண்மைக்காலத்தது எனப் பலர் எண்ணுவர். உண்மை அவ்வாறன்று. வெந்நீர்க் கலன் வெப்பத்தைச் சேமித்து வைப்பதாதலின், அதனைச் சில மணித்தியாலம் நிறுத்தினும் வீட்டார் உணரார். இதனை அறிந்த மின்வழங்குநர், மின்கம்பிகளின் வழியே வேறோர் அதிர்வெண்ணிற் குறிப்பனுப்பி, எண்ணிறந்த இல்லங்களின் கலன்களை ஒருங்கே நிறுத்தவும் இயக்கவும் கற்றனர். நியூசீலந்தில் 1950களில் இம்முறை பெரிதும் பரவியது. அமெரிக்காவின் டெற்றொயிற்று நகர மின்வழங்கு நிறுவனம் 1968 இல் வானொலிக் குறிப்பால் இதனைச் செய்யத் தொடங்கிற்று. யப்பானில் 2001 முதல் விற்பனைக்கு வந்த காபனீரொட்சைட்டு வெப்பப் பம்பிக் கலன்கள், காற்றின் வெப்பத்தைக் கவர்ந்து, விலைகுறைந்த இரவு மின்சாரத்தால் நீரைச் சூடாக்குகின்றன. புதிதாகப் பெறும் மின் சேமக்கலன்கள் இத்தகைய குறிப்புகளை ஏற்கும் பொதுவான இணைப்பு உடையனவாதல் வேண்டும் என வாசிங்டன் மாநிலம் 2019 இற் சட்டமியற்றியது. இன்றைய கலன் இவற்றோடு திறன்பேசியின் தொடர்பையும், வீட்டாரின் வழக்கத்தைக் கற்கும் ஆற்றலையும் சேர்த்துக்கொண்டது, அவ்வளவே.

இனி, தெரிவு செய்வோர் முதற்கண் கணக்கை நோக்குதல் வேண்டும். 100 இலீற்றர் நீரை 27 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 3.8 கிலோவாற்று மணி வெப்பம் வேண்டும். 3 கிலோவாற்று மூலகம் அதனை ஒன்றேகால் மணித்தியாலத்திற் கொடுக்கும். எத்துணை மதிநுட்பம் வாய்ந்த கருவியும் அவ்வெப்பத்தின் அளவைக் குறைத்தல் இயலாது. சூடாக்கும் நேரத்தை மாற்றவும், வீணே ஆறிப்போகும் வெப்பத்தைக் குறைக்கவுமே அஃது உதவும். வெப்பப் பம்பியோ அதே வெப்பத்தை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மின்சாரத்தால் தரவல்லது. கீழ்நாட்டு வெப்பத்தில் வாழ்வோர்க்கு, நிமிடத்துக்கு 5 இலீற்றர் நீரை ஏறத்தாழ 14 பாகை உயர்த்தும் 5 கிலோவாற்று உடனடிக் கருவி போதியதாகும். அதிலே சேமிப்பு இன்மையால் நேரத்தை மாற்றும் நுட்பத்துக்கு இடமேயில்லை. நுவரெலியா போன்ற குளிர்நாட்டு இல்லங்களிற் சேமக்கலன் வேண்டப்படும். நேரத்துக்கேற்ற கட்டணமுறையை ஏற்ற வீடுகளில், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்சநேரத்தை விலக்கிச் சூடாக்கும் கலனால் ஊதியம் உண்டு. ஒரே கட்டணம் செலுத்தும் வீட்டில் அவ்வூதியம் மிகச் சிறிதே. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் வன்னீரோ மூலகத்தின்மேற் கல்சியங் காபனேற்றைப் படியச் செய்யும். அதனை நீக்குதற்குத் திறன்பேசி உதவாது, ஆண்டுதோறும் கலனைத் திறந்து துப்புரவு செய்தலே உதவும்.

மேற்கூறிய வரலாற்றை நோக்குமிடத்து, ஒவ்வொரு காலத்தும் வசதி முன்னும் காவல் பின்னுமாக வந்தமை புலனாகும். இடையிட்ட காலத்தின் விலையை உயிர்களே செலுத்தின. ஆகவே, தொலைத்தொடர்பு அறுந்தவிடத்தும் கையால் இயக்கவும் நிறுத்தவும் கூடியதா, மென்பொருள் பிழைபட்டவிடத்தும் தனித்தியங்கும் வெப்பத் துண்டிப்பு உளதா, காப்பு வால்வும் புவித்தொடுப்பும் ஒழுக்குமின் துண்டிப்பும் செவ்வனே அமைந்தனவா, கலனை நிறுத்தும் அதிகாரம் வீட்டாருக்கோ பிறருக்கோ என்னும் வினாக்களுக்கு விடைகண்ட பின்னரே ஏனைய சிறப்புகளை நோக்குதல் அறிவுடைமையாகும். பொறியிடம் ஒப்படைத்த காவலையும் இடையிடையே சென்று காணும் கடமை இல்லத்தார்க்கு என்றும் உளதாம்.