துரோகம்

போரை எதிர்த்து வாய் திறந்தாலே 'தேசத்துரோகி' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். துரோகம் வடசொல், தீங்கு செய்தல், பகைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். நட்பையோ நம்பிக்கையையோ கெடுப்பவனின் வஞ்சனையைத்தான் நம்பிக்கைத் துரோகம் என்கிறோம்.

ஆங்கிலேயர் 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 124ஏ பிரிவு, அரசின்மீது வெறுப்பைத் தூண்டும் பேச்சைக் குற்றமாக்கியது. தமிழில் அதற்கு 'ராஜத்துரோகம்' என்று பெயர். 1908இல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப் பயன்பட்ட பிரிவுகளில் அதுவும் ஒன்று. பின்னர் ராஜா இருந்த இடத்தில் தேசம் வந்து உட்கார்ந்தது. அரசைக் கண்டிப்பதே நாட்டுக்குச் செய்யும் தீங்கு என்றாகிவிட்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். சோசலிசத் தலைவர் யூஜின் டெப்ஸ் 1918இல் கான்டன் நகர மேடையில் முதல் உலகப் போருக்கு எதிராகப் பேசினார். உளவுச் சட்டத்தின்கீழ் 10 ஆண்டுச் சிறை. அவர் எந்த ரகசியத்தையும் எதிரிக்கு விற்கவில்லை.

துரோகத்துக்குத் தமிழில் 'இரண்டகம்' என்ற சொல் உண்டு. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வது என்பார்கள்: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. அந்தச் சொல்லை வ.உ.சி.மீதோ டெப்ஸ்மீதோ சுமத்தவே முடியாது. மனத்தில் பட்டதை ஊரறியச் சொன்னவர்கள் அவர்கள். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 124ஏ இல்லை. ஆனால் நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து விளைவிக்கும் பேச்சுக்கு, அதன் 152ஆம் பிரிவு ஆயுள் தண்டனைவரை விதிக்கிறது.