கரணி: கயிற்றிலிருந்து எண்ணுக்கு

இரண்டின் வர்க்கமூலம் குறித்து இரண்டு கூற்றுகள் நெடுநாளாக வழங்கி வருகின்றன. விகிதமுறா எண்களை முதலில் கண்டறிந்தவர்கள் சுல்ப சூத்திரங்களின் ஆசிரியர்களே என்பது ஒன்று. அவர்களிடம் இருந்தது வேள்விமேடை கட்டும் கைவினை மட்டுமே, கணிதம் அன்று என்பது மற்றொன்று. இரண்டுமே நூல்களில் இல்லாததை நூல்களின் மேல் ஏற்றுகின்றன. நூல்களில் உள்ளதை அறிய, அவை கையாண்ட ஒரே ஒரு சொல்லின் வரலாற்றைப் பின்தொடர்ந்தாலே போதும். அச்சொல் 'கரணி'.

'செய்' எனப் பொருள்படும் 'க்ரு' என்னும் வடமொழி வினையடியிலிருந்து பிறந்தது அது. வடமொழி வடிவமான 'கரணீ' பெண்பாற் சொல். 'ஆக்குபவள்' என்பது அதன் நேர்ப்பொருள். அது பெண்பாலானதற்குக் காரணம் இலக்கணமே. கயிற்றைக் குறிக்கும் 'ரஜ்ஜு' பெண்பாற் பெயர். அதற்கு அடைமொழியாக நின்றதால் இதுவும் பெண்பாலாயிற்று. ஆகவே கரணி என்பது சதுரம் ஒன்றை ஆக்கும் கயிறு, அதாவது அச்சதுரத்தின் பக்கம். 'த்விகரணீ' இரு மடங்கு பரப்புள்ள சதுரத்தை ஆக்கும் கயிறு; 'த்ரிகரணீ' மும்மடங்கு பரப்பை ஆக்குவது. 'சுல்பம்' என்ற சொல்லுக்கே கயிறு என்றுதான் பொருள்.

இத்தகைய கயிறுகளுக்கான தேவை சடங்கிலிருந்து எழுந்தது. பருந்து வடிவ வேள்விமேடையின் முதற்பரப்பு 7½ சதுர புருஷம். கைகளை உயர்த்தி நிற்கும் வேள்வித் தலைவனின் உயரம் ஒரு புருஷம். அடுத்த முறை மேடை கட்டும்போது பரப்பு 8½ ஆக வேண்டும். வடிவமோ சற்றும் மாறலாகாது. மிகுதியான ஒரு சதுர புருஷத்தைப் பதினைந்தாகப் பகுத்து, ஒவ்வோர் அலகுச் சதுரத்தோடும் இரண்டு பகுதிகளைச் சேர்க்குமாறு பௌதாயனர் விதிக்கிறார். அப்போது அலகின் பரப்பு 17/15 ஆகும். அந்தப் பரப்புள்ள சதுரத்தின் பக்கமே புதிய அளவுகோல். வர்க்கமூலம் இங்கே மேடையின் ஒவ்வொரு செங்கல்லின் அளவையும் முடிவு செய்யும் நீளமாக நிற்கிறது.

த்விகரணியின் அளவையும் இந்நூல்கள் எண்ணால் தருகின்றன. பக்கத்தோடு அதன் மூன்றில் ஒன்றைக் கூட்டுக; அம்மூன்றில் ஒன்றின் நான்கில் ஒன்றைக் கூட்டுக; இந்த நான்கில் ஒன்றின் முப்பத்து நான்கில் ஒன்றைக் கழிக்க. அதாவது 1 + 1/3 + 1/12 − 1/408. இதன் கூட்டுத்தொகை 577/408. இதன் நுட்பத்தை எளிதில் சோதிக்கலாம். 577-இன் வர்க்கம் 332929. 408-இன் வர்க்கத்தின் இரு மடங்கு 332928. வேறுபாடு ஒன்றே. ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டத்தில் இதனால் விளையும் பிழை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்.

இங்கேதான் முதற்கூற்று தடுமாறுகிறது. இரண்டின் வர்க்கமூலத்தை இதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே பாபிலோனியர் களிமண் வில்லையில் பொறித்திருந்தனர். இன்று யேல் பல்கலைக்கழகத் தொகுப்பில் உள்ள அவ்வில்லையின் மதிப்பு, சுல்ப மதிப்பைவிடச் சற்றே நுட்பமானதும்கூட. மேலும், அந்த மூலத்தை எந்தப் பின்னமும் முழுமையாகத் தராது என்ற நிறுவல் சுல்ப சூத்திரங்களில் இல்லை. தோராய மதிப்பைக் கண்டறிவது வேறு. முடிவான பின்ன மதிப்பு இல்லை என நிறுவுவது வேறு.

இரண்டாம் கூற்றும் நிற்கவில்லை. 577/408 என்ற மதிப்பை நூல்கள் 'சவிசேஷ' என்று அழைக்கின்றன. 'விசேஷம்' என்றால் வேறுபாடு. 'சவிசேஷம்' வேறுபாட்டோடு கூடியது. அது எந்த வேறுபாடு என்பதில் அறிஞர்கள் ஒத்த கருத்தினர் அல்லர். பக்கத்துக்கும் மூலைவிட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு என்பர் சிலர். உண்மை அளவிலிருந்து இம்மதிப்பு விலகும் வேறுபாடு என்பர் வேறு சிலர். எப்பொருளைக் கொண்டாலும் ஒன்று உறுதி. கட்டுமானத்தால் கிடைக்கும் நீளத்துக்கு 'த்விகரணீ' என்றும், எண்ணால் தரப்படும் மதிப்புக்குச் 'சவிசேஷ' என்றும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. வெறும் கைவினைக்கு இந்தப் பாகுபாடு தேவையில்லை.

கி.பி. 499-ஐ ஒட்டிய ஆர்யபடீயத்தில் களம் மாறுகிறது. சம பக்க நாற்கரம், அதன் பரப்பு, ஒத்த இரண்டின் பெருக்கற்பலன் ஆகிய மூன்றையும் ஆர்யபடர் 'வர்க்கம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார். அடுத்த பாடலிலேயே வர்க்கமூலம் காணும் முறை வருகிறது. அதற்கு அடுத்து கனமூலம். அங்கே கயிறு இல்லை. இடமதிப்பு மட்டுமே உள்ளது. சான்றாக 54756-ஐக் கொள்வோம். முதல் வர்க்க இடத்திலுள்ள 5-இலிருந்து 2-இன் வர்க்கம் கழிய எஞ்சுவது 1. அடுத்த இலக்கம் சேர்ந்து 14. அதை மூலத்தின் இரு மடங்கான 4-ஆல் வகுக்க ஈவு 3, மீதி 2. அடுத்து 27-இலிருந்து 3-இன் வர்க்கம் கழிய 18. அடுத்து 185-ஐ 46-ஆல் வகுக்க ஈவு 4, மீதி 1. இறுதியில் 16-இலிருந்து 4-இன் வர்க்கம் கழிய எதுவும் எஞ்சாது. மூலம் 234. முன்பு பள்ளிகளில் கற்பிக்கப்பட்டு வந்த நீள்வகுத்தல் முறை இதற்கு நெருங்கிய உறவு.

முழு வர்க்கமல்லாத எண்களுக்கு, 1881-இல் பெஷாவர் அருகே கிடைத்த பக்ஷாலி பூர்ஜப்பட்டைச் சுவடியில் ஒரு விதி உண்டு. சுவடியின் காலம் இன்றும் விவாதத்துக்குரியது. எண்ணுக்கு நெருங்கிய சிறிய வர்க்கத்தைக் கழித்து, மீதியை அதன் மூலத்தின் இரு மடங்கால் வகுத்துக் கூட்டுக. பின்னர், கூட்டிய பின்னத்தின் வர்க்கத்தை, அதுவரை கிடைத்த விடையின் இரு மடங்கால் வகுத்துக் கழிக்க. இவ்விதியை 4/3 என்ற தொடக்க மதிப்போடு இரண்டின் மூலத்துக்குப் பயன்படுத்தினால் முதலில் 17/12, பின்னர் சரியாக 577/408 கிடைக்கும். சுல்ப ஆசிரியர்கள் இவ்வழியில்தான் சென்றார்கள் என்பதற்கு இது சான்றாகாது. அம்மதிப்பு தற்செயலாக அமைந்ததன்று, முறையான திருத்தத்தால் எட்டக்கூடியது என்பதை மட்டும் இது காட்டுகிறது.

கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் 'கரணி'யை இயற்கணிதத்துக்குள் கொண்டுவந்தபோது சொல்லின் பொருள் பெயர்ந்திருந்தது. முன்பு பக்கத்தைக் குறித்த சொல், இப்போது மூலம் காணப்பட வேண்டிய எண்ணைக் குறித்தது. ஆக்குவதன் பெயர் ஆக்கப்படுவதற்கு ஆகி வந்தது. 1150-இல் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்தில் 'க' என்ற முதலெழுத்தே மூலக்குறியின் பணியைச் செய்கிறது. 'க 2' என்றால் இரண்டின் மூலம். 'க 2', 'க 8' ஆகியவற்றைக் கூட்டுவதற்கு மூலத்தின் மதிப்பைக் காணத் தேவையில்லை. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 10. பெருக்கற்பலனான 16-இன் மூலத்தின் இரு மடங்கு 8. இவற்றைக் கூட்ட 'க 18'. கழிக்க 'க 2'. முடிவுறாத மூலம் முடிவுறாமலேயே கணக்கில் பங்கேற்கிறது.

இவ்விடத்தில் பிற மொழிகளோடு ஒப்பிடுவது பயன் தரும். கிரேக்கர் இத்தகைய அளவுகளை 'அலோகோஸ்' என்றனர். 'லோகோஸ்' என்பது விகிதத்தையும் பேச்சையும் ஒருங்கே குறிப்பதால், விகிதமற்றது என்றும் சொல்லவொண்ணாதது என்றும் இரு பொருள் தரும். அரபு நூல்களில் அது 'அஸம்ம்', அதாவது செவிடு. 12ஆம் நூற்றாண்டு இலத்தீன் மொழிபெயர்ப்புகளில் அதே பொருளில் 'சுர்துஸ்' ஆயிற்று. ஆங்கிலத்தின் 'சர்டு' அதன் வழிவந்தது. அந்தப் பெயர்கள் அளவின் இயலாமையைச் சுட்டுகின்றன. 'கரணி' அதன் செயலைச் சுட்டுகிறது. இதிலிருந்து மனப்பாங்கு பற்றிய பெரிய முடிவுகளுக்குத் தாவலாகாது. 'சொல்லவொண்ணாதது' என்று பெயரிட்ட கிரேக்க மரபுதான் யூக்ளிடின் பத்தாம் நூலில் அவ்வளவுகளை நிறுவலோடு வகைப்படுத்தியது. 'ஆக்குவது' என்று பெயரிட்ட இந்திய மரபு அவற்றோடு கணக்கிடும் விதிகளை வகுத்தது. இரண்டு மரபுகளும் கேட்ட கேள்விகள் வேறு.

கரணிகளின் வகுத்தலுக்குப் பிரம்மகுப்தர் தரும் விதி இன்றும் வழக்கில் உள்ளது. வகுக்கும் கோவையின் ஓர் உறுப்பின் குறியை மாற்றி, அதனால் வகுபடுவதையும் வகுப்பதையும் பெருக்க வேண்டும். இவ்வாறு செய்து கீழே ஒரே உறுப்பு எஞ்சும்வரை தொடர வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவர் பின்னத்தின் பகுதியை விகிதமுறு எண்ணாக்கும் பயிற்சியில் செய்வது இதுவே. யார் முதலில் என்ற வழக்கில் இந்த விதி பெரும்பாலும் பேசப்படுவதில்லை. காலக்கணிப்பை நம்பி நிற்கும் பெருமிதத்தைவிட, நூலில் தெளிவாக உள்ள இத்தகைய விதிகளே இந்தியக் கணித வரலாற்றை எழுத முனைவோர்க்கு உறுதியான தரை.