சோறு ரத்தமான கதை

ஒரு கவளம் சோற்றில் இருக்கும் கோடானுகோடி கார்பன் அணுக்களில் ஒன்றை மட்டும் பின்தொடர்வோம். நெல் விளைந்த பருவத்தில் அது வயலுக்கு மேலே காற்றில் கரியமில வாயுவாக இருந்தது. பயிரின் இலை அதை இழுத்து வெயிலின் துணையால் சர்க்கரையாக்கியது. கதிர் பால்பிடித்தபோது அது மணிக்குள் மாவுச்சத்தாகச் சேர்ந்தது.

வாயில் எச்சில் அந்த மாவுச்சத்தை வெட்டத் தொடங்குகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது இதனால்தான். மீதி வேலை சிறுகுடலில் முடிந்து, மாவுச்சத்து குளுக்கோஸாகிறது. குளுக்கோஸின் ஆறு கார்பன்களில் முதலாவதாக நம் அணு குடல் சுவரைக் கடந்து, கல்லீரல் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. தசைக்கோ மூளைக்கோ போயிருக்கலாம். இது போய்ச் சேர்ந்தது எலும்பு மஜ்ஜைக்கு. அங்கே இன்னும் முதிராத ஒரு சிவப்பணு அதை உள்ளே வாங்கிக்கொள்கிறது.

நுழைந்ததுமே குளுக்கோஸின் மேல் ஒரு பாஸ்பேட் ஏறிவிடும். இனி அதனால் வெளியே போக முடியாது. பத்துப் படிகளில் அது பிளந்து இரண்டு பைருவேட் ஆகிறது. செலவு போக மிஞ்சுவது இரண்டே ஏ.டி.பி. தசை சுருங்கவும் புரதம் உருவாகவும் உடல் நேரடியாகச் செலவழிக்கும் மூலக்கூறு அது. 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமானும், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் அதைக் கண்டறிந்தார்கள். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பெயர்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பைருவேட்டின் மூன்று கார்பன்களில் ஒன்று கழன்று மூச்சுக்காற்றோடு போகிறது. இங்கே கழல்பவை குளுக்கோஸின் நடுவில் இருந்த மூன்றாவதும் நான்காவதும். ஓரத்தில் இருந்த நம் அணு தங்கிவிடுகிறது. இந்தப் படி நடக்க வைட்டமின் பி1 வேண்டும். 1890-களில் ஜாவாவில் கிறிஸ்டியான் ஐக்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். தவிட்டோடு பி1 போய்விட்டதே காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1-இல் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும். புழுங்கலரிசி உண்ட ஊர்களுக்கு அது பெரிய காப்பு.

மிஞ்சிய இரண்டு கார்பன்கள் நான்கு கார்பன் கொண்ட ஆக்சலோ அசிட்டேட்டோடு சேர்ந்து சிட்ரேட் ஆகின்றன. 1937-இல் ஷெஃபீல்டில் ஹான்ஸ் கிரெப்ஸ், அரைத்த புறா மார்புத்தசையை வைத்து இந்தச் சுழற்சியை நிறுவினார். 'நேச்சர்' இதழ் அவருடைய கடிதத்தை ஏற்கவில்லை. 1953-இல் நோபல் பரிசு வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கார்பன்கள் வாயுவாகப் போகின்றன. ஆனால் முதல் சுற்றில் போவது புதிதாக வந்தவை அல்ல, முன்பே உள்ளே இருந்தவை. வழியில் கழன்ற எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைச் சென்றடைகின்றன; அந்தப் பயணத்தில் புரோட்டான்கள் சவ்வுக்கு அப்பால் தள்ளப்படுகின்றன. அவை திரும்பிப் பாயும் விசையில் ஒரு நொதி உண்மையாகவே சுழன்று ஏ.டி.பி. செய்கிறது. முழுதாக எரிந்தால் ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30.

இதையெல்லாம் வெறும் எரிப்பு என்று படித்துவிட்டுப் போவதுதான் எனக்கு வருத்தம். எரிக்கும் அதே பாதையில்தான் உடல் கட்டவும் செய்கிறது. சிட்ரேட் மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே போனால் கொழுப்பாகும், கொலஸ்ட்ராலாகும். சில படி தள்ளி விலகினால் குளுட்டமேட் என்ற அமினோ அமிலம். எங்கே விலகுவது என்பதை அந்தந்தச் செல்லின் தேவை முடிவு செய்கிறது. மஜ்ஜைச் செல்லுக்குத் தேவை, சிவப்பணுவில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீம். சக்சினைல் கோ-ஏ என்ற நிலையில் நம் அணு இருக்கும்போது கிளைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் வந்து அதோடு சேர்கிறது. இப்படி எட்டு சக்சினைல், எட்டு கிளைசின் கூடி ஒரு பெரிய வளையமாகின்றன; கடைசியில் நடுவே ஓர் இரும்பு அணு வந்து உட்காருகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷெமின், 1940-களில், கன நைட்ரஜன் கொண்ட கிளைசினைத் தாமே சாப்பிட்டு, தம் ரத்தத்தை மாதக்கணக்கில் எடுத்துப் பார்த்தார். ஹீமின் நைட்ரஜன் கிளைசினிலிருந்து வருவதும், சிவப்பணு ஏறத்தாழ நான்கு மாதம் வாழ்வதும் அதிலிருந்தே தெரிந்தன.

முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. உடல் முழுக்க ஆக்சிஜன் சுமக்கும் அது, தன் சக்திக்கு அதைத் தொடவே முடியாமல், பத்துப் படியில் கிடைக்கும் அந்த இரண்டு ஏ.டி.பி.யிலேயே காலம் தள்ளுகிறது. சுமார் 120 நாளில் அதன் ஆயுள் முடிகிறது. பெரும்பாலும் மண்ணீரலில்தான் அது சிதைகிறது. வளையம் திறந்து மஞ்சள் நிற பிலிருபினாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரில் விடுகிறது. பித்தக்குழாய் அடைத்தால் கண் மஞ்சளாவது இது தேங்குவதால்தான். குடல் பாக்டீரியாக்கள் அதை மேலும் மாற்ற, மலத்தின் பழுப்பு நிறத்தில் ஒரு பகுதியாக நம் அணு வெளியேறுகிறது. இரும்பை மட்டும் உடல் விடுவதில்லை. மஜ்ஜைக்கு நாளொன்றுக்கு வேண்டிய 20 மில்லிகிராம் சொச்சத்தில் பெரும்பகுதி இப்படிச் சிதைந்த அணுக்களிலிருந்து மீட்டது. சாப்பாட்டிலிருந்து சேருவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான்.