நரம்பு, நாடி, நாளம்

அல்குர்ஆனின் ஐம்பதாவது அத்தியாயமான ஸூரா காஃபின் 16ஆம் வசனத்தில் ‘ஹப்லுல் வரீத்’ என்றொரு தொடர் வருகிறது. நம் கையிலுள்ள தமிழ் மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் அதனைப் ‘பிடரி நரம்பு’ என்றே தருகின்றன. அதே நேரம், நமது பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடநூலில் நரம்பு என்பது கணத்தாக்கத்தைக் கடத்துவது. அதில் ஒரு துளி குருதியும் ஓடாது. வரீத் என்ற அரபுச் சொல்லோ குருதி ஓடும் குழாயைக் குறிப்பது. பாடநூலின் மொழியில் அது நாளம். சென்ற வருடம் ஒரு மாணவி என்னிடம் நேராகவே கேட்டுவிட்டாள்: “சேர், அப்ப தர்ஜமா பிழையா, சயன்ஸ் புத்தகம் பிழையா?”

நான் விஞ்ஞானம் படிப்பிப்பவன் அல்லன். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன். ஆனால் இது தமிழ்க் கேள்வி.

இரண்டுமே பிழையில்லை. பழந்தமிழில் நரம்பு என்பது இழுத்துக் கட்டிய இழை எதற்கும் பொதுப்பெயர். யாழின் தந்தி நரம்பு. புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் அந்த முதிய தாயின் தோளில் புடைத்துத் தெரிவதும் நரம்புதான். மெலிந்த உடம்பில் தோலுக்கு மேலே அப்படித் தெரிவது இன்றைய கணக்கில் நாளமாகத்தான் இருக்க வேண்டும். இலையில் ஓடுவதும் நரம்பு. இதிலொரு வேடிக்கை உண்டு. அதே விஞ்ஞானப் புத்தகத்தில் தாவரப் பாடத்தில் ‘நரம்பமைப்பு’ என்று வரும். அங்கே இலை நரம்பு நீரையும் உணவையும் கடத்துகிறது. இருபது பக்கம் தள்ளிப் போனால் மனித நரம்பு எந்தத் திரவத்தையும் கடத்துவதில்லை. புத்தகமே பழைய பொருளை ஒரு பாடத்தில் வைத்துக்கொண்டு, இன்னொரு பாடத்தில் கைவிட்டிருக்கிறது. ஆகவே ‘பிடரி நரம்பு’ என்று எழுதிய ஆலிம்கள் நல்ல தமிழைத்தான் எழுதினார்கள். அவர்களுக்குப் பிழை பிடிப்பதற்கு முன் சொல்லின் வயதைப் பார்க்க வேண்டும்.

தமிழுக்கு மட்டும் வந்த சிக்கலுமல்ல இது. கிரேக்கத்தில் ‘நியூரோன்’ என்பது முதலில் தசைநாண், வில்லின் நாண், இசைக் கருவியின் தந்தி. நம் நரம்பைப் போலவே! கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹெரோபிலஸ் உடல்களை அறுத்துப் பார்த்த பின்னரே உணர்வைக் கடத்தும் இழை வேறு, தசைநாண் வேறு என்பது தெளிவாயிற்று. 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கலேனின் நூல்களை அரபுக்குக் கொண்டுவந்தார். இப்னு சீனாவின் கானூனில் அஸப், ஷிர்யான், வரீத் என்று மூன்றும் மூன்று பெயரோடு நிற்கின்றன. அஸப் என்பதன் வேரிலும் கட்டுதல் என்ற பொருள்தான் கிடக்கிறது. அரபியில் எப்போதோ நடந்து முடிந்த அந்தப் பிரிப்பு, தமிழில் பாடநூல் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான்.

அதைப் பேசும்போது மானிப்பாயைச் சொல்லாமல் போக முடியாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போனார்கள். கிராமத்தில் ஒருவரும் தங்கவில்லை. 1860களில் அவர் முழுக்கத் தமிழுக்கு மாறியதற்கு இது பெரிய காரணம். கிறேயின் உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என வெளிவந்தது. உடற்றொழிலியல் நூலுக்கு இட்ட பெயர் ‘மனுஷ சுகரணம்’. பாதாதிகேசம் கேட்டுப் பழகிய காதுக்கு அங்காதிபாதம் எவ்வளவு அழகாக விழுகிறது! ஆனாலும் அந்த இரண்டு பெயர்களும் இன்று செத்துப்போன சொற்கள். அழகு ஒரு சொல்லைக் காப்பாற்றாது. வகுப்பறையில் யாராவது தொடர்ந்து சொல்ல வேண்டும். கிறீன் 1873இல் ஊர் திரும்பிய பின் அந்த வகுப்பறை நெடுநாள் நிற்கவில்லை.

அடுத்த முயற்சி கடல் கடந்து நடந்தது. 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நமது காரைதீவு மண்ணின் விபுலாநந்த அடிகள். சாய்ந்தமருதில் நின்று பார்த்தால் அவர் ஊர் கூப்பிடு தூரம். சுதந்திரத்துக்குப் பிறகு அரசகரும மொழித் திணைக்களம் துறைதுறையாகச் சொற்றொகுதிகள் போட்டது. கலம், இழையம், சதையி, முண்ணாண், பிரிமென்றகடு என நம் பிள்ளைகள் இன்று படிப்பது அந்த வழியில் வந்த தமிழ்.

தமிழ்நாட்டார் தமனி, சிரை என்பதை நாம் நாடி, நாளம் என்கிறோம். இதில் எது தூய தமிழ் என்று சண்டை பிடிக்க இடமில்லை, நான்குமே வடசொல் வழி வந்தவை. ஆனால் நாடி நல்ல தெரிவு என்பேன். பரிசாரி நாடி பிடித்துப் பார்ப்பதைக் கண்ட எவருக்கும், துடிக்கும் குழாய் நாடி என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. நாளம் துடிக்காது. (நம் பேச்சில் நாடி என்பது முகவாய்க்கட்டையும்தான். “நாடியில ரத்தம் ஓடுது” என்றால் ஆறாம் வகுப்பு சிரிக்கும். சிரித்தது மறக்காது.) இப்போது பிள்ளைகள் போனில் தமிழ்நாட்டு வீடியோ பார்த்துவிட்டு ஒரே விடையில் தமனியும் நாளமும் கலந்து எழுதுகிறார்கள். எழுதுகிற பிள்ளைக்குக் குழப்பம், திருத்துகிறவருக்கும் தலையிடி.

புள்ளியோடு முடிகிற காரியமென்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஊர்ப் பேச்சில் இன்றைக்கும் எல்லாம் நரம்புதான். நாளத்தில் ஏற்றும் மருந்து “நரம்பு ஊசி”. எங்கள் பக்கத்தில் ஒரு மூத்தம்மாவுக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை நொந்தது. “நரம்பு இழுக்குது” என்றா. நரம்பென்றால் எண்ணெய்தானே? மூன்று நாள் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்தார்கள். உண்மையில் காலின் ஆழத்து நாளத்தில் குருதி உறைந்திருந்தது. அப்படி உறைந்த கட்டி தேய்ப்பில் கழன்றால் இதயத்தின் வழியாகச் சென்று சுவாசப்பை நாடியை அடைத்துவிடலாம். அல்ஹம்துலில்லாஹ், அதற்கு முன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே டொக்டர் “வெய்ன்ல கட்டி” என்று சொன்னதை வீட்டாருக்கு விளங்கப்படுத்தியவன் அவவின் பேரன். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தவன், பரீட்சையில் வந்திருந்தால் நாளம் என்று சரியாக எழுதியிருப்பான். வெளியே வந்து அவன் சொன்னது, “நரம்புல கட்டியாம்.”